வெளிச்சமில்லாத வேட்டு

மேட்டுக்கொட்டாய், பென்னாகரம் வழி
6.11.2024

அன்புத் தம்பி பூவரசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் செவலையும் கறவை மாடும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் கலைமணியும் எப்படி? முதுகுவலிக்குக் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை சீசாவை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

நீ வாங்கிக் கொடுத்த டச் போன் அரிசிப் பானை மேல் பத்திரமாக இருக்கிறது. டவர் வேண்டுமென்றால் கரட்டின் மேல் ஏற வேண்டும். ஏறிப் போய் என்ன செய்ய? நீ பேசுவது என் காதில் விழவா போகிறது? மெசேஜ் பார்க்கலாம் என்பாய். தபால்காரி அன்பரசி ஸ்கூட்டியில் வந்து கையில் கொடுக்கிற காகிதம் எனக்குப் போதும். அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், சார்ஜ் போடவும் வேண்டாம்.

தீபாவளிக்குக் கொட்டாய்ப் பிள்ளைகள் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். நான் வாசலில் நின்று ராக்கெட் பார்த்தேன். செவலை நாய்தான் பாவம். என் காலில் உடம்பை ஒட்டிக்கொண்டு நடுங்கியது. புடவையைத் தாண்டி என் முழங்கால் வரைக்கும் அந்த நடுக்கம் வந்தது. ஏதோ பெரிய வெடி வைத்திருப்பார்கள் போல, பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் மத்தியானம் ஏரிக்கரையில் புதருக்குள் கிடந்ததைத் தூக்கி வந்தேன். நாள் முழுக்கச் சோறு தொடவில்லை.

அதன் கணக்கே தனி. ஆள் வந்தால் வாசலுக்கும் எனக்குமாக ஓடும். காட்டுப்பன்றி வந்தால் குரைக்கும், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன். யானை வந்தால் மட்டும் குரைக்காது. வந்து காலில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். பட்டாசுக்கும் அதே நடுக்கம்தான். இரண்டில் எது என்று தெரிய நான் வானத்தைப் பார்ப்பேன். வெளிச்சம் இருந்தால் பட்டாசு. இல்லாவிட்டால் யானை, உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்குள் இப்படி ஒரு ஏற்பாடு.

ராகி நன்றாகப் பிடித்திருக்கிறது. அறுப்புக்கு ஆள்தான் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ராணியம்மாள்


திருப்பூர்
20.11.2024

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். எண்ணெய் தேய்க்கிறேன், சத்தியம். கலைமணி சாட்சிக் கையெழுத்துப் போடுவாள்.

யானை, பன்றி என்று நீ ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதுவது போல எழுதுகிறாய். படித்துவிட்டு எனக்கு இங்கே தூக்கம் போகிறது. இங்கேயே வந்துவிடு என்று நானும் எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறேன்? கேட்டால், "திருப்பூரில் நான் செவிடு, இங்கே எனக்கு நாலு காலில் நடக்கிற காது இருக்கிறது" என்பாய். சரி, பழைய பேச்சையே திரும்பச் சொல்கிறேன். செவலை இருக்கிற வரைக்கும் நீ அங்கே தனியாக இருக்கலாம். அதற்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அடுத்த பஸ்ஸில் நீ திருப்பூர். இதில் மாற்றம் கிடையாது.

இப்போது நல்ல சேதி. கோயில் கமிட்டி சிவக்குமார் போன் பண்ணினான். மாசியில் நம் மாரியம்மன் கோயில் பண்டிகையாம். இந்த முறை வாணவேடிக்கை நம் வீட்டு உபயம் என்று சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டுவதற்கு முன்னால் இதைப் படி.

நீ யாரிடமும் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே கோயில், அதே பண்டிகை. நீ ஐந்தாவது படிக்கிற பிள்ளை. பேச்சு வராத குழந்தையாக நான் உன் மடியில். பக்கத்திலேயே அதிர்வேட்டுக் குழாயை நட்டு மருந்து கிட்டித்துப் பற்ற வைத்தார்கள். ஓட நேரமில்லை. உன் இரண்டு கையும் என் காதில் இருந்தன. உன் காதைப் பொத்த உனக்கு மூன்றாவது கை இல்லை.

அப்படியும் உனக்கு வாணத்தின் மேல் வெறுப்பு வரவில்லையே, அதுதான் எனக்கு ஆச்சரியம். ராக்கெட் மேலே போனால் நீ இன்னும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாய். இந்த வருஷம் உனக்காகவே வானம் நிறைய விடப் போகிறேன். வேண்டாம் என்று எழுதாதே.

அன்புடன்,
பூவரசன்


மேட்டுக்கொட்டாய்
8.12.2024

தம்பிக்கு,

நானும் செவலையும் சுகம். மாடு ஐந்து மாதச் சினை. கலைமணிக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், சுக்கு வைத்துக் குடிக்கச் சொல்.

உனக்குப் பைத்தியம். உபயம் கொடுக்கிற அளவுக்கு நீ எப்போது பெரிய மனுஷன் ஆனாய்? பழைய கதையை எதற்கு எடுத்தாய்? அழ வைத்துவிட்டாய். அன்பரசி என்னவோ சாவுச் சேதி என்று பயந்து, "என்னக்கா ஆச்சுங்க, வூட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா" என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். என் தம்பி எனக்கு வானத்தை வாங்கிக் கொடுக்கிறான் என்றேன். இவளுக்குக் காது போன மாதிரி புத்தியும் போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

ஒன்று சொல்லட்டுமா? கோயிலில் மேளக்காரர் கன்னம் உப்புகிறது, எனக்கு அவ்வளவுதான் மேளம். கூத்தில் வாய் அசைகிறது, எல்லாரும் சிரித்த பிறகு நானும் சிரிக்கிறேன். வாணம் மட்டும்தான் எனக்குக் குறைவில்லாமல் வருகிறது. ஊரே பார்க்கிற அதே பூவை நானும் பார்க்கிறேன். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தப் பொம்பளைகள் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்கிறார்களே! அதனால் வேண்டாம் என்று எழுதவில்லை. போதுமா?

போன வாரம் ராகிப் போருக்கு யானை வந்தது. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் செவலை வந்து காலில் ஒட்டியது. வானத்தைப் பார்த்தேன், நட்சத்திரம்தான் இருந்தது. வாசல் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அதையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காலையில் பார்த்தால் அடுப்புக்குப் பக்கத்தில் முறம் அகலத்துக்குக் கால்தடம். உனக்குத் தூக்கம் போகட்டும் என்று இதை எழுதவில்லை. செவலை எப்பேர்ப்பட்ட செவலை என்று தெரிந்துகொள்வதற்காக எழுதினேன்.

அக்கா


திருப்பூர்
18.1.2025

அக்காவுக்கு,

பொங்கல் வணக்கம். நீயும் செவலையும் மாடும் நலமாக இருப்பீர்கள். மாட்டுக்கு என்ன கலர் பூசினாய்? பொங்கலுக்குத் தருமபுரி வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனேன் என்று கோபப்படாதே. ஒரே நாள் லீவு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே அப்துல் ரஷீத் பாயைப் பார்க்கப் போனேன். நம் பக்கத்துக் கோயில் பண்டிகைகளுக்கு வாணம் கட்டித் தருகிறவர் அவர்தான்.

மனுஷர் வாயைத் திறந்தால் நேரம் போவது தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார், "பட்டாசு மொதல்ல வேடிக்கைக்குன்னு வரல தம்பி. சீனாக்காரன் பச்ச மூங்கில நெருப்புல போட்டானாம். கணு டப்புன்னு வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குக் காட்டு மிருகமும் பேயும் ஓடிப்போகும்னு நம்பிக்கை. வெரட்டறதுக்கு வந்த சாமான் இது. மருந்து கண்டுபுடிச்சது, கலர் சேத்தது, பூவா விரிய வெச்சது எல்லாம் பின்னால." மைசூர்ப் படை ராக்கெட் விட்ட கதையும் சொன்னார். எதிரிப் படையின் குதிரையும் மாடும் மிரண்டு சொந்த ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடுமாம். நாம் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிற சாமானுக்கு இப்படி ஒரு பூர்வீகம்!

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "கோயிலுக்குக் கிட்டக்க மாடு, நாய் கட்டற வூடு இருக்குதுங்களா? காடு எம்மாந் தூரம்? சொல்லுங்க, சத்தத்தக் கம்மி பண்ணிப் பூ வேலைய ஜாஸ்தி பண்ணிக்கலாம்." எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உனக்குச் சத்தம் எதற்கு? சிவக்குமாரிடம் போனில் சொன்னேன். கோயில் கமிட்டி அவன் கையில்தானே. "சத்தம் இல்லாத பண்டிகையா? பக்கத்து ஊர்க்காரனுங்க வாய்ல சிரிக்க மாட்டானுங்கடா" என்றான். சரியென்று இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கரகம் வரும்போது அதிர்வேட்டு, இருட்டின பிறகு வாணம்.

அன்புடன்,
பூவரசன்


மேட்டுக்கொட்டாய்
10.2.2025

தம்பிக்கு,

நான், செவலை, மாடு மூவரும் சுகம். மாட்டுக் கொம்புக்கு நீலம் பூசினேன்.

மாசி இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை பண்டிகை. கலைமணி எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் புடவையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். ஊரில் எல்லாரும் இப்போது என்னிடம் மரியாதையாகக் கையாட்டுகிறார்கள். உபயக்காரன் அக்கா அல்லவா!

காடு காய்ந்து கிடக்கிறது. தண்ணீருக்கு யானைகள் ஏரிப் பக்கம் இறங்குகின்றன என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நீ முந்தின நாளே வந்துவிடு. பக்கத்தில் நீ நின்றால்தான் எனக்கு வேடிக்கை.

அக்கா


திருப்பூர்
25.2.2025

அக்காவுக்கு,

உன் உடம்பு, செவலை, மாடு எல்லாம் நலமென்று நம்புகிறேன். எனக்கு இங்கே உடம்பு நலம், மனசு இல்லை.

வர முடியாது போல. கம்பெனியில் கப்பலுக்குப் போகிற சரக்கு. கட்டிங் மாஸ்டர் இல்லாமல் டேபிள் ஓடாது என்று லீவு மறுத்துவிட்டார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்கிறார்கள்.

எனக்கும் சேர்த்து நீ பார். பார்த்துவிட்டுக் கலர் கலராக எழுது. எது முதலில் போனது, எது விரிந்து தொங்கியது, எல்லாம் வேண்டும்.

ஒன்று மறக்காதே. செவலையைக் கட்டிப் போட்டுவிட்டுப் போ. தீபாவளிக்கு ஓடின மாதிரி ஓடிவிட்டால் நீ பண்டிகையை விட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டு அலைவாய். கொட்டகையில் நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டு.

பூவரசன்


மேட்டுக்கொட்டாய்
30.3.2025

தம்பிக்கு,

நான் சுகம். நீயும் கலைமணியும் சுகமாக இருக்க வேண்டும். பதில் போடத் தாமதமாகிவிட்டது. கொல்லையில் வேலை.

நீ கேட்டபடி எழுதுகிறேன். முதலில் பச்சை போனது. உச்சியில் போய் நின்று, ஒன்றும் ஆகாது போலிருந்து, பிறகு குடை மாதிரி விரிந்தது. அதற்கடுத்துச் சிவப்பும் வெள்ளையும் ஜோடியாக. வெள்ளை அணைந்த பிறகும் சிவப்பு தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்று, தங்கக் கலர், முறத்தில் நெல்லைத் தூற்றினது போலக் கொட்டியது. கோயில் கோபுரம், புளியமரம், ஆட்கள் முகம் எல்லாம் தங்கமாகிவிட்டன. என் கையைப் பார்த்தேன், அதுவும் தங்கம். கடைசியில் எல்லாக் கலரும் சேர்ந்து போயின. நான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்துக் கொல்லை முனியம்மாள் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டித்தான் எனக்கே தெரிந்தது.

அப்துல் ரஷீத் பாய் வந்திருந்தார். உன் அக்கா நான்தான் என்று யாரோ காட்டினார்கள். கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்கு யானை இறங்கிக் கிணற்றோரம் வாழை கொஞ்சம் போய்விட்டது. கொட்டகையும் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கோயிலில் இருந்ததால் எனக்கு ஒன்றும் இல்லை. மாட்டைச் சிவக்குமார் கொட்டகையில்தான் கட்டியிருந்தேன். கவலைப்படாதே.

உன் உபயம் நன்றாக இருந்தது, தம்பி. என் ஆயுசில் அப்படிப் பார்த்ததில்லை. இது பொய்யில்லை.

அக்கா


திருப்பூர்
8.4.2025

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கலைமணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தங்கக் கலர் வந்த இடத்தில் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவள்தான் படித்தாள். கப்பல் சரக்கு, கட்டிங் டேபிள் எல்லாம் மறந்துபோயின. வராமல் போனேனே என்ற வருத்தம் பாதி குறைந்தது.

வாழை போனால் போகட்டும், நீ கோயிலில் இருந்தாயே. அம்மன்தான் உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறாள். வாணம் இல்லாவிட்டால் நீ வீட்டில் இருந்திருப்பாய் அல்லவா? நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

செவலை எப்படி இருந்தது? ரொம்ப நடுங்கியதா? அதற்கு ஒரு சாமான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இருட்டில் டார்ச் அடித்தால் பளபளவென்று மின்னுகிற கழுத்துப்பட்டை. இனிமேல் எங்கே ஓடினாலும் தெரியும். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. அடுத்த பண்டிகைக்கு இதைவிட இரண்டு மடங்கு விடலாம் என்று பாயிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

பூவரசன்


மேட்டுக்கொட்டாய்
2.5.2025

தம்பிக்கு,

நான் சுகம். வெயில் கொளுத்துகிறது. மாடு கிடாரி ஈன்றிருக்கிறது.

பட்டை வந்து சேர்ந்தது. நன்றாக மின்னுகிறது. அளவு சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் வாணம் வேண்டாம். பாயிடம் சொல்லிவிடு. உனக்கு வேறு செலவு இருக்கும். நான் ஒரு தடவை பார்த்ததே போதும், நிறைந்துவிட்டது.

கலைமணியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


திருப்பூர்
20.5.2025

அக்கா,

உன் கடிதங்களைக் கலைமணி எடுத்து வரிசையாக வைத்துப் படித்தாள். எதற்கு என்று கேட்டேன். "பண்டிகைக்கு முன்னால எல்லாக் கடுதாசியிலும் நானும் செவலையும் சுகம்னு அண்ணி எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் நான் சுகம்னு மட்டும்தாங்க இருக்குது. நீங்க கவனிக்கவே இல்லீங்களா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை அக்கா. தங்கக் கலரைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சிவக்குமாருக்கு போன் போட்டேன். அவனும் முதலில் மழுப்பினான். பிறகு சொல்லிவிட்டான். "அக்கா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்கடா" என்றான்.

கட்டிப் போடு என்று எழுதினது நான். நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டு என்று எழுதினதும் நான். வாணம் விட்டதும் நான்.



பூவரசன்


மேட்டுக்கொட்டாய்
1.6.2025

என் தம்பி பூவரசனுக்கு,

நான் சுகமாக இல்லை. நீயும் இருக்க மாட்டாய். உனக்குத் தெரிந்துவிட்டதால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நடந்ததை என் வாயாலேயே கேட்டுக்கொள். சிவக்குமார் சொன்னதை வைத்துக்கொண்டு நீ உன்னைத் தின்னாதே.

அன்றைக்குச் சாயங்காலம் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கரகம் வருகிற நேரம். செவலை வந்து காலில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வழக்கம் போல வானத்தைப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அதிர்வேட்டு உண்டு என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அதிர்வேட்டுக்குச் சத்தம்தான் உண்டு, வெளிச்சம் கிடையாதே. கரகம் வந்துவிட்டது, கோயிலில் வேட்டு போடுகிறார்கள், அதற்குத்தான் நடுங்குகிறது என்று நினைத்துவிட்டேன். காது கேட்கிற எந்த மனுஷியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அது என் முந்தானையைக் கவ்வி வீட்டுக்குள் இழுத்தது. உள்ளே போ, கதவைச் சாத்து என்று அது தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறது. நான் புதுப்புடவை கிழிந்துவிடும் என்று அதன் முதுகில் ஒன்று வைத்தேன். கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். தண்ணீர் வைத்தேன். கையை நக்கியது. படலைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

கோயிலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கரகம் வரத் தாமதம், அதுவரைக்கும் ஒரு வேட்டும் போடவில்லை என்று. முனியம்மாள் கையை ஆட்டிச் சொன்னாள். திரும்பிப் போய் ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரகம் வந்துவிட்டது, உபயக்காரன் வீட்டு ஆள் என்று என்னை முன்னால் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பிறகு வேட்டு, பிறகு வாணம். முதல் பச்சை விரிந்ததும் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

ஏரியில் நின்றிருந்த யானைகள் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு நம் கொல்லை வழியாக ஓடியிருக்கின்றன. கொட்டகை குறுக்கே இருந்தது. செவலை குரைத்திருக்குமா, தெரியவில்லை. குரைத்திருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? அந்த ஒரு மணி நேரம் ஊரே என்னைப் போலத்தான் இருந்தது. நான் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றோரப் புங்கமரத்தடியில் புதைத்தோம். சேதி கேட்டுவிட்டுப் பாயும் வந்தார். மண்வெட்டியை வாங்கி அவரும் மண் தள்ளினார்.

நீ சொன்னதால் நான் கட்டவில்லை. நீ எழுதாவிட்டாலும் நானே கட்டியிருப்பேன், தீபாவளிக்குப் பட்ட பாடு போதாதா? உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்ததற்குக் காரணமும் அதுதான். நீ பிறந்ததிலிருந்து எனக்காக ஆசைப்பட்டுச் செய்த பெரிய காரியம் அது ஒன்று. அதைத் தொட்டுக்கொண்டு இப்படி ஒரு சாவு வர வேண்டாம் என்று பார்த்தேன். அந்தத் தங்கக் கலர் நிஜம்தான் தம்பி. அதையும் நீ வைத்துக்கொள்.

நம் பேச்சும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த மூன்று மாதம் நான் விளக்கை அணைத்துப் படுக்கவில்லை. போன வாரம் விடியற்காலையில் கதவைத் திறந்தால் கிணற்றடியில் ஒற்றை யானை நிற்கிறது. சொல்ல யாருமில்லை. காது போய் இத்தனை வருஷமாகியும் நான் செவிடு என்று எனக்குப் பட்டதில்லை. இப்போதுதான் படுகிறது. விளைச்சலில் பாதி என்று கொல்லையைச் சிவக்குமாருக்கு வாரத்துக்கு விட்டுவிட்டேன். மாட்டையும் கன்றையும் முனியம்மாள் பார்த்துக்கொள்வாள். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, கையைத் தூக்கிக் காட்டு. நீ அனுப்பின பட்டையை எடுத்து வருகிறேன். அதை இங்கே விட்டுவிட்டு வர மனசில்லை.

முன்னே ஒரு தடவை, உங்கள் மொட்டை மாடியில் நின்றால் தீபாவளி வாணம் தெரியுமா என்று கேட்டிருந்தேன். தெரியும், திருப்பூர் முழுக்கத் தெரியும் என்று நீ எழுதியிருந்தாய். இனிமேல் நான் மாடிக்கு வரவில்லை. நீயும் கலைமணியும் போய்ப் பாருங்கள், எனக்கு வருத்தமில்லை. உங்கள் தெருவில் அன்றைக்கு நாய் ஏதாவது நடுங்கிக்கொண்டு நின்றால் மட்டும் உள்ளே விட்டுவிடு. அதை மடியில் போட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத்தான் இரண்டு கையும் சும்மா இருக்குமே.

உன் அக்கா,
ராணியம்மாள்